நிற்கிற வண்டியையும் எழுதுங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் யாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் கெமிஸ்ட்ரி மிஸ். அவர் பிசிக்ஸ் மிஸ். ஆசிரியர் அறையில் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தோம். ஒரே ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குப் போய்வந்தோம். இன்றைக்கும் என் போனில் அவர் பிசிக்ஸ் மிஸ்தான்.

பதினோராம் வகுப்புக்கு உந்தம் மாறா விதியை அவர் நடத்தும்போது பக்கத்து வகுப்பில் இருக்கிற எனக்கும் கேட்கும். ஒரு லாரி வருகிறது, வழியில் ஒரு கார் நிற்கிறது. லாரி மோதி, இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. என்ன வேகத்தில் நகரும்? மோதுவதற்கு முன் மொத்த உந்தம் எவ்வளவோ, மோதிய பின்னும் அவ்வளவுதான். லாரியின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கி, இரண்டு வண்டியின் நிறையையும் கூட்டி வகுத்தால் விடை வந்துவிடும். பிள்ளைகள் அப்படித்தான் போடுவார்கள். விடையும் சரியாக இருக்கும். ஆனாலும் அவர் அரை மார்க் குறைப்பார்.

"காரை எங்க?"

"கார் நிக்குது மிஸ். வேகம் சைபர். சைபரால பெருக்குனா சைபர்தான மிஸ்?"

"சைபர்தான். அதை எழுதிட்டுச் சொல்லு. அவன் பாட்டுக்கு ஓரமா நிக்கான். இடிச்ச பொறவு அவனும்தான இழுபட்டுப் போறான்? மேல் வரியில அவனை எழுதாம விட்டுட்டா, கீழ் வரியில எங்கேருந்து வந்தான்?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த பரீட்சையில் எல்லாரும் காரின் நிறையையும் எழுதி, பக்கத்தில் பெருக்கல் குறியும் போட்டு, பெரிதாக ஒரு சைபரும் போட்டிருப்பார்கள்.

கணக்கில் மட்டும்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். வருகைப் பதிவு எடுக்கும்போது வராத பிள்ளையின் பெயரையும் முழுதாக வாசித்து, யாராவது "வரல மிஸ்" என்று சொல்லும்வரை காத்திருப்பார். ஆசிரியர்கள் சேர்ந்து போட்டோ எடுத்த அன்றைக்கு, எல்லாரும் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருக்க, கழிப்பறை கழுவிக்கொண்டிருந்த ஆயாவைக் கூப்பிடப் போய்விட்டார். ஆயா கை துடைத்து, சேலையைச் சரிசெய்து வருகிறவரை போட்டோக்காரர் நின்றார், தாளாளரும் நின்றார். ஆண்டு விழாவில் நன்றி சொல்லி முடித்துக் கைதட்டலும் ஆன பிறகு, கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, "ஜெனரேட்டர் அண்ணனை விட்டுட்டீங்க" என்றார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. வீடு திரும்பும்போது, "எதுக்கு மிஸ் இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அந்தாளு அங்கதான நின்னாரு மிஸ்" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் என் தோளுக்கு மேலாக எட்டி வேகமானியைப் பார்த்துக்கொண்டே வருவார். கிலோமீட்டரில் சொல்ல மாட்டார். முப்பத்தாறைத் தொட்டால், "பத்து ஆச்சு மிஸ்" என்பார். நொடிக்குப் பத்து மீட்டர். ஐம்பத்து நாலு என்றால் பதினைந்து. அதற்கு மேல் நான் போனால் என் இடுப்பைக் கிள்ளுவார். வலதுகைப் பக்கம் மலை கூடவே வரும். இருவரும் சிரித்துக்கொண்டே பாதித் தூரத்தைக் கடந்திருப்போம்.

அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் நான் ஹார்ன் அடித்தபோது, திருத்திய பரீட்சைத்தாள் கட்டைக் காணோம் என்று மறுபடி மாடிக்கு ஓடினார். இரண்டு நிமிடம் இருக்கும். முதல் பீரியட் எனக்கு. முந்தின வாரம்தான் தாமதத்துக்காக ஒரு கடிதம் எழுதிக்கொடுத்திருந்தேன். இராஜபாளையம் நெருங்கும்போது வண்டி ஐம்பத்து நாலில் இருந்தது.

"பதினஞ்சு மிஸ்" என்றார் பின்னாலிருந்து. நான் குறைக்கவில்லை.

இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் வெளியே வந்தது. பின்னால் பேண்டேஜ் துணிப் பண்டல்கள் உயரமாகக் கட்டியிருந்தன. ஐம்பது வயதுக்காரர். கனத்தோடு மெதுவாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். நான் ஹார்ன் அடித்தேன். அவர் நிற்கவில்லை.

அதன்பிறகு சத்தம்தான் நினைவிருக்கிறது. மூன்று பேரும் இரண்டு வண்டியும் சாலையில் இழுபட்டுப் போனோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. பிசிக்ஸ் மிஸ்ஸுக்கு முழங்கை கிழிந்திருந்தது. அந்த மனிதர் கண் திறக்காமல் கிடந்தார். வலது தொடை இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. வெள்ளைத் துணி தாருக்கு மேல் நீளமாக உருண்டு விரிந்திருந்தது. பிசிக்ஸ் மிஸ் அதில் ஒரு துண்டைக் கிழித்து அவர் தலையைக் கட்டினார். டீக்கடைச் சத்தம் நின்று, ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லாரும் இடித்த சத்தம் கேட்டு வந்தவர்கள். இடித்ததை யாரும் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் பிசிக்ஸ் மிஸ் கேட்காமலேயே அதில் ஏறிக்கொண்டார். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன்.

மத்தியானம் காவல் நிலையத்தில் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். அதற்கு முன் வராந்தாவில் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ், முப்பத்தஞ்சுன்னு சொல்லிருங்க. அவரு திடீர்னு குறுக்க வந்துட்டாரு. அப்படித்தான?"

அவர் என்னைப் பார்த்தார்.

"வேலை போயிரும் மிஸ். எம்பிள்ள இப்பத்தான் எட்டாப்பு படிக்கா."

உள்ளே ஏட்டையா எழுதிக்கொண்டே கேட்டார். "எம்புட்டு வேகத்துல வந்தீங்கம்மா?"

"முப்பத்தஞ்சுக்கு மேல இல்ல சார். திடீர்னு ஏறிட்டாரு."

"நீங்க பின்னாடி இருந்தீகளே. நீங்க பாத்தீகளா?"

சட்டையில் அந்த மனிதரின் ரத்தக்கறை படிந்த யாரோ ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தம்பியாக இருக்கலாம். பிசிக்ஸ் மிஸ் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சுதான் சார்" என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் சொல்லவைத்தேன். அது முடிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் நின்றேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் பஸ்ல வாரேன் மிஸ், நீங்க போங்க" என்றார். கோபமில்லாத குரல். மதியம் வழக்கம்போலத் தன் டப்பாவிலிருந்து கூட்டை எடுத்து என் தட்டில் வைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் என் வண்டியில் ஏறவில்லை.

சில வாரம் கழித்து ஒருநாள் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்பில் அவர் கரும்பலகையை நோக்கி நின்றிருந்தார். மோதல் கணக்கு. முதல் வண்டியின் நிறை, வேகம், கூட்டல் குறி எல்லாம் எழுதியிருந்தார். அதற்கு மேல் கை போகவில்லை. சாக்பீஸ் பலகையில் பட்டபடி நின்றுகொண்டிருந்தது.

"மிஸ், ரெண்டாவது வண்டி மிஸ்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, எடுத்துக்கொடுக்கும் குரலில்.

அவர் எல்லாவற்றையும் அழித்தார். "இதை நாளைக்குப் பாக்கலாம். பாடத்தை வாசிங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் வேகமாக நடந்து ஆய்வகத்துக்குள் போய்விட்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தபோது அவர் வந்தார். கையில் மடித்த ஒரு தாள்.

"மிஸ், நான் அவரைப் பாக்கப் போயிருந்தேன்."

யாரை என்று நான் கேட்கவில்லை.

"கட்டுப் பிரிச்சாச்சு. காலு கொஞ்சம் இழுக்கு. ஆனா அது இல்ல மிஸ்." அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "அவருக்கு இடிச்சது எதுவும் ஞாபகம் இல்ல. சந்து முனையில வண்டிய நிறுத்துனது வரைக்கும்தான் தெரியுது. ‘ரெண்டு பக்கமும் பாக்காம நான் ஏறவே மாட்டேனேம்மா, அன்னைக்கு எப்படிப் பாக்காம ஏறினேன்’னு என்கிட்டயே கேக்காரு. கண்ணு கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. பார்வை நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லியும் நம்பல. பாக்காம ரோட்டுல ஏறுற ஆளுன்னு பேண்டேஜ் கம்பெனியில வேண்டாம்னுட்டாங்க. அதையும் சரின்னு எடுத்துக்கிட்டாரு. தெருவைத் தாண்டணும்னா அவங்க வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு."

நான் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

அவர் தாளைப் பிரித்து மேசையில் வைத்தார். என் ஸ்கூட்டர் நூற்றாறு கிலோ, நான் அறுபத்திரண்டு, அவர் ஐம்பத்திரண்டு, மொத்தம் இருநூற்றிருபது. மொபெட்டும் அந்த மனிதரும் பண்டல்களும் சேர்ந்து நூற்றெண்பது. பண்டல் எடையைக் கம்பெனியில் போய்க் கேட்டு வந்திருந்தார். தாரில் விழுந்திருந்த கீறலை விபத்து நடந்த வாரமே போய் அடிவைத்து அளந்திருந்தார். கிட்டத்தட்ட ஏழு மீட்டர். தாரின் உராய்வோடு ஏழு மீட்டர் இழுபட்டால், மோதிய கணத்தில் சேர்ந்து நகர்ந்த வேகம் நொடிக்கு எட்டேகால் மீட்டர். நானூறு கிலோவை அதனால் பெருக்கினால் மூவாயிரத்து முந்நூறு. என் பக்கத்து இருநூற்றிருபதால் வகுத்தால் பதினைந்து. அதாவது ஐம்பத்து நாலு. கீழே இன்னொரு வரி: முப்பத்தைந்து என்றால் மூன்று மீட்டரில் நின்றிருக்கும்.

வேகமானியில் பார்த்தவர் அவர். அவருக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. தான் பார்த்ததைத் தானே மாற்றிச் சொல்லிவிட்டதால், தன்னைச் சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாமல் சாலையிடம் போய்க் கேட்டிருக்கிறார். அது அப்போது எனக்குப் புரியவில்லை. பரீட்சைத்தாளில் தேடுவதுபோல நான் அந்தத் தாளில் ஒரு தப்பைத் தேடினேன். பெருக்கல் சரியாக இருந்தது. வகுத்தலும் சரியாக இருந்தது.

"ரெண்டு பேரும் போய் அவர்கிட்ட மட்டும் சொல்லிருவோம் மிஸ். ஸ்டேஷனுக்கு வேண்டாம். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, நாங்கதான் வேகமா வந்தோம்னு. அவரு அதைத் தெரிஞ்சுக்கணும்."

"முடிஞ்சுபோனதைக் கிளறாதீங்க மிஸ்."

"அவருக்கு முடியல மிஸ்."

"நீங்க ரொம்ப நல்லவங்க. சரி. என்னைப் பிடிச்சுக் கொடுத்துத்தான் அதைக் காட்டணுமா?"

அவர் முகம் சுருங்கியது. தாளை எடுக்காமல் போய்விட்டார். நான் அதை ஆய்வக அடுப்பில் காட்டி எரித்தேன். அதோடும் விடவில்லை. அவர் இருக்கிற இடத்தில் பேசுவதை நிறுத்தினேன். மற்ற ஆசிரியைகளிடம், "அவங்களுக்கு இப்பக் கொஞ்சம் மனசு சரியில்ல, கிளாஸ்ல பாதியில நின்னுருதாங்க" என்று இரக்கமாகச் சொன்னேன். அது தாளாளர்வரை போனது. பதினோராம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் காரணம் கேட்கவில்லை. எட்டாம் வகுப்புக்குப் போய் அதே அக்கறையோடு வராத பிள்ளைகளின் பெயரை வாசித்தார்.

அந்த வருடக் கடைசியில் அவருக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. தருமபுரிப் பக்கம். அவருக்குப் பிரிவு விழா நடந்த அன்று காய்ச்சல் என்று சொல்லி நான் விடுப்பு எடுத்தேன்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் என் மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். முதல்முறையாக அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கடைவீதிக்குப் போனேன். சாலையின் நடுவே ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு கடந்துகொண்டிருந்தார். மகள் வேகத்தைக் குறைக்காமல் ஹார்னை மட்டும் அழுத்தினாள். நான் கத்திய கத்தலில் வண்டி ஆடி நின்றது.

"எதுக்கும்மா இப்படிக் கத்துத? ஹார்ன் அடிச்சா நின்னுருவாங்கல்ல. நீ அப்படித்தான ஓட்டுவ?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே இராஜபாளையத்துக்குப் போனேன். பஸ்ஸில் போனேன். அந்தச் சந்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் அதே மொபெட் நின்றது, பின்னால் பண்டலோடு. அவர் வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது, நடையில் ஒரு இழுப்பு. நான் யாரென்று சொல்லத் தொடங்கினேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்து, "ஏட்டி, அந்த ஓட்டுன டீச்சர் வந்துட்டாக. தண்ணி கொண்டா" என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை.

"பின்னாடி இருந்த டீச்சர் எல்லாம் சொல்லிட்டாகம்மா. ஊரைவிட்டுப் போகுமுன்னாடி வந்து, இந்த இடத்துல உக்காந்து சொன்னாக. வேகமாத்தான் வந்தோம், நான் ஸ்டேஷன்ல பொய் சொன்னேன், உங்க மேல தப்பில்லன்னு. அவுக கீழ இறங்கி வர ரெண்டு நிமிசம் ஆனதாலதான் நீங்க வேகமா வந்தீகளாம். அதையும் சொல்லி அழுதாக. மறுநாளே நான் வண்டிய வெளிய எடுத்துட்டேன்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ஓட்டுன டீச்சரும் ஒருநா வருவாக, வந்தா நீங்களா எதுவும் கேக்காதீக, அவுகளா சொல்லட்டும்னு சொல்லிட்டுப் போனாக. நாங்க அந்த வருசமே வருவீகன்னு பாத்தோம்" என்றார்.

ஆறு வருடம் ஒரு வீட்டில் என்னை எதிர்பார்த்திருந்திருக்கிறார்கள். அப்படி எதிர்பார்க்கச் சொன்னவரைத்தான் நான் மனசு சரியில்லாதவர் ஆக்கியிருந்தேன்.

யாருக்கும் தெரியாத ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சொன்னேன். "நான் உங்களைத் தூரத்துலயே பாத்துட்டேன்யா. ஹார்ன் அடிச்சா நிப்பீகன்னு நினைச்சேன். பிரேக்கைத் தொடவே இல்ல."

அவர் தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு வேன் போய் முடிந்த பிறகு, "நீங்க என்னைப் பாக்கலைன்னுல்ல அந்த டீச்சர் சொன்னாக" என்றார்.

"அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப அவுககிட்டயும் சொல்லிருங்க" என்றார். மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சந்து முனைக்கு வந்து போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க மிஸ்" என்றார், நேற்றுப் பேசிவிட்டு வைத்ததுபோல.

எல்லாவற்றையும் சொன்னேன். எரித்த தாளையும், நான் பரப்பிய பேச்சையும், கடைசியில் பிரேக்கையும் சொன்னேன். முதல் இரண்டுக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது.

"அப்ப நான் அவர்கிட்ட சொன்னது தப்பு மிஸ். ‘அவங்க உங்களைப் பாக்கல’ன்னு நான் சொல்லிருக்கேன்."

"அதான் நானே சொல்லிட்டேனே மிஸ்."

"நீங்க சொன்னது உங்களோடது. நான் சொன்னது அப்படியேல்ல இருக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன்."

"அம்புட்டுத் தூரத்திலிருந்தா? போன்ல சொல்லிக்கலாம் மிஸ்."

"நேர்லதான சொன்னேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். இராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஒன்பது மணிபோல இறங்கினார். இளைத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். முழங்கையில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், அவர் பையை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டர் நிற்கிற பக்கம் கையைக் காட்டினேன். அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நடந்தே போயிருவோம் மிஸ்" என்றார்.

நடந்தோம்.